கலிஃபோர்னியாவில் பொறியியல் நிலவியலாளர் சங்கத்தின் மாதக் கூட்டம்: போய் என்ன பயன்?

கேள்வி இதுதான்: "தமிழ்நாட்டில் எம்.எஸ்ஸி. ஜியாலஜி முடித்தேன். அமெரிக்காவிலும் ஒரு பட்டம் வாங்கி, இப்போது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கட்டுமானத்துக்காக மண்ணையும் பாறையையும் ஆராயும் ஒரு ஜியோடெக்னிக்கல் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். பொறியியல் நிலவியலாளர் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வரச் சொல்லி மேலாளர் வற்புறுத்துகிறார். வேலை முடிந்த களைப்போடு நெரிசலில் வண்டி ஓட்டிப் போய், கைக்காசு கொடுத்துச் சாப்பிட்டு, ஓர் உரையைக் கேட்டுத் திரும்புவதில் அப்படி என்ன இருக்கிறது? உரைகள் யூடியூபிலேயே கிடைக்கின்றனவே?"

போங்கள். முதல் வருடம் முடிந்தவரை ஒரு கூட்டத்தையும் விடாதீர்கள். இதே வட்டாரத்தில் இதே தொழிலில் பல காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். காரணம் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நம் தொழிலில் கண்ணால் காண்பது சொற்பம். ஒரு மலைச்சரிவில் நாலைந்து துளை போடுகிறோம். சாலை வெட்டிய இடத்தில் தெரிகிற பாறையைப் பார்க்கிறோம். பழைய வான்படங்களைத் தேடி எடுத்துப் பார்க்கிறோம். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே இருப்பதெல்லாம் நம் அனுமானம். அந்த அனுமானத்தை நம்பித்தான் கீழே ஒரு குடும்பம் வீடு கட்டிக் குடியேறுகிறது. ஒரே ஆள் தனியாக அனுமானித்து, அதைக் கேள்வி கேட்க யாரும் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை இந்த மாநிலம் பட்டுத் தெரிந்துகொண்டது.

1928 மார்ச் 12. நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் இருக்கையில், லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே சான் பிரான்சிஸ்கிட்டோ பள்ளத்தாக்கில் இருந்த செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்தது. 60 மீட்டருக்கு மேல் உயரமான கான்கிரீட் அணை. வெள்ளம் சான்டா கிளாரா ஆற்றோடு பாய்ந்து, வழியில் இருந்த முகாம்களையும் பண்ணைகளையும் ஊர்களையும் வாரிக்கொண்டு பசிபிக் கடலில் போய் விழுந்தது. 400-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அணையைக் கட்டியவர் வில்லியம் முல்ஹாலண்ட். வாய்க்கால் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து, சொந்தமாகவே படித்து முன்னேறி, ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீரை 1913-இல் இந்த நகரத்துக்குக் கொண்டுவந்த மனிதர். அவர் சொன்னால் நகரமே கேட்கும். உடைந்த நாளின் பகலில்தான், காவலாளி கூப்பிட்டதன் பேரில், அணைக்கு வந்து கசிவைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று திரும்பியிருந்தார்.

அந்த அணையின் இரு கரைகளிலும் பாறை வேறு வேறு. மேற்குக் கரையில் கூழாங்கல்லும் மணலும் இறுகிய சிவப்புக் காங்க்ளாமரேட். காய்ந்திருக்கும்வரை உறுதியாகத் தெரியும். அதன் ஒரு துண்டைத் தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் போட்டால் கரைந்து உதிர்ந்துவிடும். விபத்துக்குப் பிறகு இதை எல்லோர் முன்னாலும் செய்து காட்டினார்கள். கிழக்குக் கரையில் ஏடு ஏடாகப் பிரியும் சிஸ்ட் பாறை. இரண்டுக்கும் நடுவே ஒரு பிளவுக்கோடு. ஆளுநர் அமைத்த குழு மேற்குக் கரையின் காங்க்ளாமரேட்டைக் குற்றவாளியாக்கி, இரண்டே வாரத்துக்குள் அறிக்கையை முடித்தது. ஆற்றோர விவசாயிகள் தங்கள் சார்பில் கிரன்ஸ்கி என்ற பொறியாளரையும் ஸ்டான்ஃபோர்டின் பெய்லி வில்லிஸ் என்ற நிலவியலாளரையும் அனுப்பினார்கள். அவர்கள் கிழக்குக் கரையைப் பார்த்து, அந்தச் சரிவு முழுவதும் ஒரு பழைய நிலச்சரிவின் உடல், அணை அதன் மேல் சாய்ந்து நிற்கிறது என்றார்கள். அது அன்று பெரிதாக எடுபடவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் ராஜர்ஸ் என்ற நிலவியல் பொறியாளர் எல்லா ஆதாரங்களையும் மறுபடி அலசி, கிழக்குக் கரைச் சரிவுதான் முதலில் நகர்ந்தது என்று வாதிட்டபோதுதான் வில்லிஸின் பார்வைக்கு உரிய இடம் கிடைத்தது. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே வாரங்கள், தேர்ந்த கண்கள். ஆனால் கண்டது வேறு வேறு.

மரண விசாரணையின் தீர்ப்பில் ஒரு கருத்து உண்டு: ஒரு நகரத்தின் அணையை, எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும், தனியொருவரின் முடிவுக்கு விட்டுவிடக் கூடாது, தொடர்பில்லாத வேறு வல்லுநர்கள் சரிபார்க்க வேண்டும். அடுத்த ஆண்டே அணைகளை மாநில அரசின் மேற்பார்வைக்குள் கொண்டுவரும் சட்டம் வந்தது. என்னைக் கேட்டால் நம் சங்கத்தின் வேரும் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. சங்கம் பிறக்க இன்னும் 30 ஆண்டுகள் ஆயின, அவ்வளவுதான்.

அந்த 30 ஆண்டுகளில் சிக்கல் அணையிலிருந்து வீட்டு மனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் மலைகளில் புல்டோசர்கள் ஏறின. முகட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி மனை போட்டார்கள். 1951-52 குளிர்கால மழையில் அந்த மனைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. 1952-இல் நகரம் மண் வெட்டுவதற்கும் நிரப்புவதற்கும் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல் முயற்சி. 1963-இல் அதை இறுக்கி, பொறியியல் நிலவியலாளரும் மண் பொறியாளரும் இருவருமே பொறுப்பேற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பலன் என்ன என்பதை 1969-ஆம் ஆண்டின் பெருமழைக்குப் பிறகு ஜேம்ஸ் ஸ்லாஸன் என்ற நிலவியலாளர் கணக்கெடுத்தார். 1952-க்கு முன் போட்ட மனைகளில் ஏறத்தாழ 10 விழுக்காடு சேதம். 1952-க்கும் 1963-க்கும் இடையே போட்டவற்றில் 1 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 1963-க்குப் பின் போட்டவற்றில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு. நம் தொழிலால் யாருக்கு என்ன நன்மை என்று வீட்டில் யாராவது கேட்டால் இந்த மூன்று எண்களைச் சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் 1956-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் கடலோரமான பாலோஸ் வெர்டெஸ் தீபகற்பத்தில், போர்ச்சுகீஸ் பெண்ட் என்ற குடியிருப்புப் பகுதி நிலத்தோடு நகரத் தொடங்கியது. அது பழைய நிலச்சரிவுப் பகுதி என்று 1946-இல் வெளிவந்த மத்திய நிலவியல் துறையின் வரைபடத்திலேயே குறித்திருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து அதன் தலைப்பகுதியில் கவுன்ட்டி (மாவட்ட) நிர்வாகம் சாலை போட்டு, மேலே மண்ணைக் கொட்டினார்கள். 100-க்கும் மேற்பட்ட வீடுகள் சிதைந்தன. வழக்கில் வீட்டுக்காரர்கள் ஜெயித்தார்கள். இந்தச் சம்பவம் எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருகிறது. தெரியாமல் நடந்த விபத்தாக இதைத் தள்ளிவிட முடியாது. விஷயம் அச்சில் இருந்தது. அந்த வரைபடத்தை மனப்பாடமாக அறிந்தவரும் சாலை போடுகிறவரும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் பேச்சுவாக்கிலாவது அது காதில் விழுந்திருக்கும்.

1957-இல் சாக்ரமெண்டோவில் சங்கம் தொடங்கியது. முதலில் கலிஃபோர்னியா பொறியியல் நிலவியலாளர் சங்கம் என்று பெயர். மற்ற மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் சேரவே மாநிலப் பெயர் போனது. பிறகு சுற்றுச்சூழல் என்ற சொல்லும் சேர்ந்தது. இன்று ஏ.இ.ஜி. என்று சுருக்கமாகச் சொல்கிறோம். நாடு முழுக்கப் பரவிய அமைப்புதான் என்றாலும், உயிர் இருப்பது வட்டாரக் கிளைகளில். தெற்குக் கலிஃபோர்னியா, சாக்ரமெண்டோ, சான் பிரான்சிஸ்கோ என்று தனித்தனிக் கிளைகள். ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கூட்டம்.

இப்போது அந்த மாலையில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். வேலை நாளில், ஏதாவது உணவகத்தின் பின்னறையிலோ விடுதிக் கூடத்திலோ கூடுவார்கள். முதல் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு பேச்சு. பிறகு சாப்பாடு, அறிவிப்புகள், எந்தக் கம்பெனியில் ஆள் தேவை என்ற தகவல். அதன் பிறகு 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ உரை, கேள்விகள். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. சாப்பாட்டோடு நிலவியல் பேசுவது நம் துறையின் மிகப் பழைய பழக்கம். லண்டன் நிலவியல் கழகமே 1807 நவம்பர் 13 அன்று ஓர் உணவு விடுதியில் 13 பேர் சேர்ந்து தொடங்கியதுதான். அந்தக் காலத்தில் மற்ற அறிவியல் சபைகளில் கட்டுரையை வாசித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். இங்கேதான் எதிர்வாதத்துக்கு இடம் கொடுத்தார்கள் என்பது அதன் பெருமை.

உரையைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. உரை மட்டுமே வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே கேட்கலாம். கோவிட் காலத்துக்குப் பிறகு பல கிளைகள் இணையம் வழியாகவும் நடத்துகின்றன. ஆனால் கேமரா முன்னால் பேசுகிறவர் முடிந்த கதையைத்தான் சொல்வார். எத்தனை துளை வீணானது, எந்த இடத்தில் முதலில் வேறு மாதிரி நினைத்தார், மண் பொறியாளரோடு எதில் மோதினார் என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையில்தான் வரும். நீங்கள் கற்க வேண்டியது அங்கே இருக்கிறது.

இந்த ஊர்ப் பாறைக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும். நீங்களும் நானும் படித்தது சார்னோக்கைட், நைஸ் போன்ற கடினப் பாறைகள். பல்லாவரத்துக் குன்றுகளின் சார்னோக்கைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதானது. சுத்தியல் பட்டால் மணி போல ஒலிக்கும். இங்கே பாலோஸ் வெர்டெஸில் நாம் பார்ப்பது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டு வயதுள்ள, மான்ட்டரே என்ற படிவுப் பாறை அடுக்குகள். நடுநடுவே எரிமலைச் சாம்பல் மாறி உண்டான பென்டோனைட் களிமண். அந்தக் களிமண் அடுக்கு பல இடங்களில் விரல் அகலம்கூட இருக்காது. ஈரம் பட்டால் சோப்பு போல ஆகிவிடும். மேலே இருக்கும் மலையே அதன் மேல் வழுக்கும். வழக்கமான முறையில் துளையிட்டுக் கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) எடுத்தால் பல நேரம் அந்த அடுக்கு தண்ணீரோடு கழுவிக்கொண்டு போய்விடும். மாதிரி வைக்கும் பெட்டியில் வந்து சேராது. பெட்டியை மட்டும் பார்த்தவர் சரிவு உறுதியானது என்று எழுதிவிடுவார்.

அதனால்தான் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கம் வளர்ந்தது. பக்கெட் ஆகர் என்ற பெரிய துளைக்கருவியால் 60 சென்டிமீட்டர் அகலத்துக்குத் துளை போட்டு, நிலவியலாளரையே கயிற்றில் உள்ளே இறக்குவார்கள். சில சமயம் 30 மீட்டருக்கும் கீழே. காற்றில் நச்சு வாயு இருக்கிறதா என்று அளந்துவிட்டு, வாய்ப்பகுதி இடியாமல் உறை போட்டு, கையில் விளக்கும் திசைகாட்டியும் கொத்துக் கரண்டியுமாக இறங்கி, சுவரைச் சுரண்டிப் பார்த்து, அடுக்கின் சாய்வை அளந்து, வழுக்கிய தடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வர வேண்டும். இதில் நல்ல கை ஆனவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வருகிறார்கள். எந்தக் களிமண் பழைய சறுக்கலில் நசுங்கியது, எது வெறும் படிவு என்று எப்படிப் பிரித்தறிவது என்பதை அவர்களிடம் நேரில் கேளுங்கள். அவர்கள் கையை அசைத்துக் காட்டும்போது உங்களுக்குப் புரிவது எந்தக் கையேட்டைப் படித்தாலும் புரியாது. எப்போது இறங்க மறுக்க வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பணியிடத்தில் உங்களை அவசரப்படுத்துகிறவர் இருப்பார். அப்போது அந்த பதில் உயிரைக் காக்கும்.

மேசையைச் சுற்றி யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் முக்கியம். உங்கள் கம்பெனியின் போட்டியாளர்கள். உங்கள் அறிக்கையைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பும் நகராட்சி நிலவியலாளர். மாநில நிலவியல் துறையில் வரைபடம் போடுகிறவர். ஒரு வழக்கில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் எதிரெதிரே சாட்சி சொன்ன இருவர். புதியவர்களுக்கு இது சங்கடமாகத் தோன்றும். எனக்கு இதுதான் இந்த ஏற்பாட்டின் உயர்ந்த அம்சமாகப் படுகிறது. அறிக்கையில் சிவப்பு மையில் எழுதுகிறவரை ஒருமுறை நேரில் பார்த்துப் பேசிவிட்டால், அவர் எதற்குப் பயந்து அப்படிக் கேட்கிறார் என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் பத்து வருடம் முன்பு அதே தெருவில் ஒரு சரிவைப் பார்த்திருப்பார். அந்த நினைவு எந்தக் கோப்பிலும் இருக்காது.

எல்லைகளும் உண்டு. வழக்கில் இருக்கும் மனையைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நீங்களும் கேட்காதீர்கள், உங்கள் வாடிக்கையாளரின் மனையைப் பற்றியும் பேசாதீர்கள். சில உரைகள் கருவி விற்கும் கம்பெனிகளின் விளம்பரமாகவே இருக்கும். சில மாதம் மூத்தவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு புதியவர்களைக் கவனிக்காமல் விடுவதும் உண்டு, அதற்காக நின்றுவிடாதீர்கள். பெண்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் இந்த அறைகளில் நெடுங்காலம் சிறுபான்மையாகவே இருந்தார்கள். உங்களைப் போன்றவர்கள் தொடர்ந்து வந்து உட்காருவதால்தான் அது மாறும்.

இன்னொரு காரணம் முழுக்க உலகியல் சார்ந்தது. கலிஃபோர்னியாவில் நிலவியலாளர் உரிமம் இல்லாமல் அறிக்கையில் கையெழுத்திட முடியாது. 1960-களின் இறுதியில் வந்த சட்டம் இது. தேசிய அளவிலான இரண்டு தேர்வுகள், அதற்கு மேல் இந்த மாநிலத்துக்கான தனித் தேர்வு. பொறியியல் நிலவியலாளர் என்ற சிறப்புச் சான்றிதழுக்கு மேலும் ஒரு தேர்வு. உரிமம் பெற்றவர்களின் மேற்பார்வையில் வேலை செய்த அனுபவமும், உங்கள் வேலையை அறிந்தவர்களின் பரிந்துரையும் வேண்டும். கம்பெனி மாறினாலும் மூடிப்போனாலும் உங்களைத் தெரிந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்பதை, விசாவில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஏ.இ.ஜி. மட்டுமே போதும் என்றும் இல்லை. ஆரஞ்சு கவுன்ட்டியில் சவுத் கோஸ்ட் நிலவியல் கழகம், சான் டியாகோவில் அங்குள்ள நிலவியலாளர் சங்கம் என்று ஊருக்கு ஊர் குழுக்கள் இருக்கின்றன. சில மாதம் சேர்ந்தும் கூட்டம் போடுவார்கள். இவர்கள் ஆண்டுதோறும் போகும் களப்பயணங்களையும், அதற்கென்று அச்சிடும் வழிகாட்டி நூல்களையும் விடாதீர்கள். அந்த நூல்களில் உள்ளூர்ச் சரிவுகளையும் பிளவுகளையும் பற்றி இருப்பது வேறெங்கும் கிடைக்காது. பழைய பிரதிகளை மூத்தவர்கள் ஓய்வு பெறும்போது கொடுத்துவிடுவதும் உண்டு. ஏ.இ.ஜி.யில் ஜான்ஸ் சிறப்புப் பேச்சாளர் என்று ஒருவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் கிளைகளுக்கும் அனுப்புகிறார்கள். அவர் வரும் மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

இது பழங்கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். லா கொன்சீட்டா என்ற கடலோரச் சிற்றூரின் மேல் 1995-இல் மலை சரிந்து வீடுகள் அழிந்தன. அப்போது உயிர்ச்சேதம் இல்லை. 2005 ஜனவரி 10 அன்று, நீண்ட மழைக்குப் பின், அதே சரிவின் ஒரு பகுதி மறுபடி கிளம்பி 10 பேரைக் கொன்றது. போர்ச்சுகீஸ் பெண்ட் இன்றும் நகர்கிறது. 2023, 2024 ஆண்டுகளின் மழைக்குப் பிறகு வேகமெடுத்தது. கட்டடக் கலைஞர் லாய்ட் ரைட் அங்கே வடிவமைத்த கண்ணாடித் தேவாலயம் 2024 பிப்ரவரியில் மூடப்பட்டு, பிறகு துண்டு துண்டாகப் பிரித்தெடுக்கப்பட்டது. வீடுகளுக்கு எரிவாயுவும் மின்சாரமும் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு துளையிட்டுப் பார்த்தபோது, அதுவரை கருதியதைவிட ஆழத்தில் இன்னொரு சறுக்குத் தளம் நகர்வது தெரிந்தது. பல பத்தாண்டுகளாக இத்தனை பேர் ஆராய்ந்த சரிவு அது.

நடைமுறைக்கு வருகிறேன். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். சைவம் என்றால் அப்போதே குறிப்பிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வெறும் சாலட்தான். அலுவலகத்து ஆட்களோடு சேர்ந்து போங்கள், உட்காரும்போது மட்டும் வேறு மேசையில் உட்காருங்கள். பேச்சாளரிடம் என்ன கேட்பது என்று தெரியாவிட்டால், அந்தச் சறுக்குத் தளத்தைக் கோரில் பார்த்தீர்களா, இறங்கிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு பேச்சு தானாக ஓடும். அறிவிப்பு வந்ததும் பேச்சாளர் பெயரைவிட அவர் பேசப்போகும் இடத்தின் பெயரைப் பாருங்கள். மாநில நிலவியல் துறையின் வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடி, எந்தப் பாறை, அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது, பழைய சரிவு ஏதும் குறித்திருக்கிறதா என்று அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போங்கள்.